எஞ்சிய ஒன்று: இந்தியக் கணக்குப் புதிர்களில் நகையும் நயமும்

முன்னுரை

கணக்கு கசப்பு மருந்து, கதை அதனோடு குழைத்துத் தரப்படும் தேன் என்னும் கருத்து நெடுங்காலமாக வழங்கி வருகிறது. கணக்குப் புதிர்களைப் பற்றியும் கணக்கைச் சார்ந்த நகைச்சுவைகளைப் பற்றியும் எழுதுவோர் பலரும் இக்கருத்தையே அடிப்படையாகக் கொள்கின்றனர். கணித வரலாற்றாசிரியர்கள் தேனை வழித்து ஒதுக்கிவிட்டு மருந்தை ஆராய்கின்றனர். இலக்கிய ஆய்வாளர்களோ மருந்து கலந்திருப்பதனாலேயே தேனையும் தீண்டுவதில்லை. இதனால் செய்யுளாகவும் புதிராகவும் கணக்காகவும் ஒருங்கே அமைந்த படைப்புகள் இருசாராராலும் பாதியளவே படிக்கப்பட்டுள்ளன.

தேன் தனி, மருந்து தனி என்னும் இப்பிரிவினை ஏற்கத்தக்கதன்று என்பதே இக்கட்டுரையின் கருத்து. சிறந்த கணக்குப் புதிரில் கதையின் திருப்பமும் கணக்கின் திருப்பமும் ஒரே இடத்தில் நிகழ்கின்றன. அவ்விடத்தில்தான் இன்பம் பிறக்கிறது. பாஸ்கராச்சாரியரின் லீலாவதி, மகாவீராச்சாரியரின் கணித சார சங்கிரகம், காரிநாயனாரின் கணக்கதிகாரம், காளமேகப் புலவர் பெயரில் வழங்கும் தனிப்பாடல் ஒன்று, வாய்மொழியாக வழங்கும் சில புதிர்கள் ஆகியவை இங்கு ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றன.

பிசியும் கணக்கும்

தொல்காப்பியச் செய்யுளியல் பாட்டு, உரை ஆகியவற்றோடு பிசியையும் ஒரு வகையாக எண்ணுகிறது. விடுகதைக்குச் செய்யுள் வகைகளின் வரிசையில் இடமளித்த இலக்கண மரபு நம்முடையது. பிசியில் இருவகை சொல்லப்படும். ஒன்றை மற்றொன்றோடு ஒப்பிட்டு மறைப்பது ஒருவகை. புறத்தே தோன்றுவதைச் சொல்லி அதனால் பிறிதொன்றைத் துணியவைப்பது மற்றொருவகை. யானையை மலையாகவும் தந்தத்தைப் பிறையாகவும் காட்டி மறைப்பது முதல்வகைக்குச் சான்றாகும்.

கணக்குப் புதிர் இரண்டாம் வகையைச் சார்ந்தது. கணக்கதிகாரத்தில் புகழ்பெற்ற பலாப்பழக் கணக்கு இதற்குத் தக்க சான்று. பழத்தைப் பிளவாமலே உள்ளிருக்கும் சுளைகளின் எண்ணிக்கையை அறிய அந்நூல் ஒரு வழி கூறுகிறது. காம்பைச் சுற்றியுள்ள சிறு முட்களை எண்ணி, அத்தொகையை ஆறால் பெருக்கி ஐந்தால் வகுக்க வேண்டும். முட்கள் 100 எனில் சுளைகள் 120 ஆகும். எல்லாப் பழத்திற்கும் இது பொருந்துமா என்பது தோட்டக்கலையார் ஆராய வேண்டியது. இலக்கிய நோக்கில் கருதத்தக்கது வேறொன்று. புறத்தே தெரியும் முள்ளைக் கொண்டு அகத்தே மறைந்த சுளையைத் துணிதல் பிசியின் அமைப்பேயாகும். பிசியின் விடையைச் சொன்னவுடன் கேட்போர் ஒப்புவதுபோல, இங்கும் பழத்தைப் பிளந்தவுடன் விடை சரியோ தவறோ என்பது எல்லார் கண்முன்னும் வெளிப்பட்டுவிடும். இப்படி எவரும் சோதிக்கலாம் என்னும் வாய்ப்பே இதனை வெறும் சூத்திரமாக நில்லாமல் விளையாட்டாக்குகிறது.

எஞ்சி நிற்போர்

பாஸ்கரர் கி.பி. 1114இல் பிறந்து 1150இல் சித்தாந்த சிரோமணியை இயற்றியவர். அதன் முதற்பகுதியாகிய லீலாவதியில் வண்டுகளைப் பற்றிய கணக்கொன்று வருகிறது. ஒரு வண்டுக் கூட்டத்தில் பாதியின் வர்க்கமூலம் மாலதிப் புதருக்குச் சென்றது. மொத்தத்தில் ஒன்பதில் எட்டுப் பங்கும் அவ்வாறே சென்றது. இரவில் மணத்தால் ஈர்க்கப்பட்டுத் தாமரைக்குள் புகுந்த ஆண்வண்டு ஒன்று இதழ்கள் குவிந்ததனால் உள்ளே சிறைப்பட்டு முரல, வெளியே பெண்வண்டொன்று அதற்கு எதிர்முரல்கிறது. வண்டுகள் எத்தனை என்பது வினா. விடை 72. பாதியாகிய 36இன் மூலம் 6, ஒன்பதில் எட்டு 64, எஞ்சியவை 2.

இக்கணக்கைச் சமன்பாடாகச் சுருக்கினால் எஞ்சுவது இரண்டு என்னும் எண் மட்டுமே. செய்யுளாகப் படித்தால் அவ்விரண்டு பிரிந்த இணையாக நிற்கிறது. இங்கு ஓர் அமைப்பு உள்ளது. கூட்டம் பின்னத்தாலும் மூலத்தாலும் சொல்லப்படுகிறது. தனி உயிர்கள் முழு எண்ணால் சொல்லப்படுகின்றன. பின்னத்தில் அடங்கும் வண்டுகளுக்குப் பெயருமில்லை, துயருமில்லை. பின்னத்தில் அடங்காமல் எஞ்சிய இரண்டுக்கே கதை உண்டு. கணக்கைத் தீர்ப்பதற்குரிய திறவுகோலும் அவ்விரண்டே. அந்த முழு எண் இல்லையேல் கூட்டம் எவ்வளவு பெரிதாகவும் இருக்கலாம், விடை கிட்டாது. ஆகவே படிப்போர் உள்ளம் எங்கே தங்குகிறதோ அங்கேயே கணிப்போர் அறிவும் தங்கவேண்டியுள்ளது.

மற்றொரு வண்டுக் கணக்கும் இவ்வாறே அமைந்துள்ளது. ஐந்தில் ஒரு பங்கு கடம்புக்கும், மூன்றில் ஒரு பங்கு சிலீந்திர மலருக்கும், அவ்விரண்டின் வேறுபாட்டைப்போல் மும்மடங்கு குடசப் பூவுக்கும் சென்றபின், ஒரே ஒரு வண்டு தாழையின் மணமும் மல்லிகையின் மணமும் இருபுறமும் இழுக்க வானில் அலைகிறது. சென்றவை பதினைந்தில் பதினான்கு பங்கு, எனவே எஞ்சிய ஒன்று பதினைந்தில் ஒரு பங்கு, மொத்தம் 15. எப்பூவிலும் அமரமுடியாத வண்டின் தவிப்பே கணக்கில் எப்பின்னத்திலும் அமராத ஒன்றாகிறது.

அர்ச்சுனன் கன்னனோடு பொருத கணக்கில் இவ்வுத்தி முழுவளர்ச்சி பெறுகிறது. எடுத்த அம்புகளுள் பாதியால் கன்னனின் அம்புகளைத் தடுத்தான். மூலத்தின் நான்மடங்கால் குதிரைகளை வீழ்த்தினான். ஆறால் சல்லியனையும், மூன்றால் குடை, கொடி, வில் ஆகியவற்றையும், ஒன்றால் கன்னன் தலையையும் வீழ்த்தினான். மொத்தம் 100, 50, 40, 6, 3, 1 என்பன அதன் கூறுகள். பெருந்தொகையிலிருந்து ஒன்றுக்கு இறங்கும் இவ்வரிசை போர்க்காட்சி படிப்படியாக ஒடுங்கி ஒருவன்மேல் குவிவதைக் காட்டுகிறது. இங்கே எண் வரிசையே நிகழ்ச்சி வரிசையாகவும் உள்ளது.

இந்நூலை 1587இல் அக்பர் அவையைச் சார்ந்த ஃபைஜி பாரசீகத்தில் பெயர்த்தார். லீலாவதி பாஸ்கரரின் மகள் என்றும், நாழிகை வட்டிலில் முத்தொன்று விழுந்து துளையை அடைத்ததனால் அவளது மணநாள் தவறியது என்றும், அவளைத் தேற்றவே இந்நூல் எழுதப்பட்டது என்றும் வழங்கும் கதை அம்மொழிபெயர்ப்பின் முகவுரை வழியே பரவியது. கோல்புரூக்கின் ஆங்கில மொழிபெயர்ப்பு 1817இல் வெளிவந்தது. அமெரிக்கக் கவிஞர் லாங்ஃபெல்லோ 1849இல் வெளியிட்ட கவானா என்னும் புதினத்தில் பள்ளியாசிரியர் ஒருவர் லீலாவதிக் கணக்குகளைத் தம் மனைவிக்குச் சொல்லிக் கணக்கிலும் கவிதை உண்டு என்று வாதிடுகிறார். இவ்விரு வரவேற்புகளும் நூலை அயலாருக்கு அறிமுகப்படுத்தின. ஆயின் ஒன்று நூலின் இன்பத்தைத் தந்தையின் துயருக்கு ஆறுதலாக்கியது. மற்றொன்று அதனைக் கணக்கின்மேல் பூத்த அழகாகக் கண்டது. நூலினுள் விளிக்கப்படுவோர் ஒருவரல்லர். சிறுமி, நண்பன், கணக்கறிந்தவன் எனப் பலர் முன்னிலைப்படுத்தப்படுகின்றனர். யாப்பருங்கலக் காரிகையின் மகடூஉ முன்னிலையை அறிந்த தமிழ் வாசகர், லீலாவதியின் பெண்பால் விளிகளைக் கண்டவுடன் அவற்றை ஆசிரியரின் வாழ்க்கை வரலாறாகக் கொள்ளமாட்டார். அவை கற்போரை அருகில் அழைக்கும் நூல் மரபு என்று கொள்வதே பொருத்தமாகும்.

கேட்போரே விடை

முன்னிலை விளி வாய்மொழிப் புதிரில் இன்னும் நுட்பமாகச் செயற்படுகிறது. பறந்து செல்லும் பறவைக் கூட்டத்தை நோக்கி மரத்திலிருந்த பறவையொன்று நீங்கள் நூறு பேரா என்று வினவுகிறது. நாங்களும், எங்களைப்போல் இன்னொரு பங்கும், எங்களில் பாதியும், அப்பாதியில் பாதியும் கூடி, உன்னையும் சேர்த்தால் நூறு என்பது மறுமொழி. கூட்டம் 36, 36, 36, 18, 9 ஆகியவை கூட 99, வினவிய பறவையோடு 100.

லீலாவதியில் எஞ்சிய வண்டை நாம் புறத்தே நின்று காண்கிறோம். இப்புதிரில் எஞ்சிய ஒன்று வினாவைத் தொடுத்த பறவையே. எண்ண முற்பட்டவர் தம்மை எண்ண மறந்தால் விடை வாராது. கூட்டத்துக்குப் புறம்பானவரைக் கூட்டத்தோடு சேர்த்துக்கொள்ளும் அழைப்பாகவும் இது அமைகிறது. புதிரைப் பகிர்தல் என்பதன் பொருள் இங்கே புதிருக்குள்ளேயே கூறப்பட்டுவிடுகிறது.

பதினேழு யானைக் கதை இதன் மறுபக்கம். யானை என்றும் குதிரை என்றும் ஒட்டகம் என்றும் பலவாறு வழங்கும் இக்கதையில், தந்தை தம் 17 யானைகளை மூத்தவனுக்குப் பாதியும், அடுத்தவனுக்கு மூன்றில் ஒன்றும், இளையவனுக்கு ஒன்பதில் ஒன்றுமாகப் பிரிக்கச் சொல்லி இறக்கிறார். பிரிக்கவியலாமல் பூசலிடும் மக்களிடையே அறிஞர் ஒருவர் தம் யானையைச் சேர்த்து 18 ஆக்கி, 9, 6, 2 எனப் பங்கிட்டு, எஞ்சிய தம் யானையை ஓட்டிக்கொண்டு போகிறார். மூவரும் தத்தமக்குரியதைவிடச் சற்று மிகுதியாகவே பெற்றனர். ஒருவருக்கும் குறைவில்லை. இது எவ்வாறு இயலும் என்னும் திகைப்பே நகையைத் தருகிறது. பாதி, மூன்றில் ஒன்று, ஒன்பதில் ஒன்று ஆகியவற்றைக் கூட்டினால் பதினெட்டில் பதினேழே வரும். தந்தையின் பங்கீட்டு உரை முழுமையைத் தொடவேயில்லை. லீலாவதியில் பதினைந்தில் ஒரு பங்கு வண்டாக எஞ்சியது. இங்கே பதினெட்டில் ஒரு பங்கு யானையாக வந்து யானையாகவே திரும்புகிறது. இரண்டின் கணித எலும்பும் ஒன்றே. எஞ்சியதை ஒன்று இரக்கமாக்குகிறது, மற்றொன்று நகையாக்குகிறது.

நகையின் களங்கள்

மெய்ப்பாட்டியல் நகைக்கு நான்கு நிலைக்களங்களை வகுக்கிறது. அவற்றுள் இளமை நீங்கலான மூன்றும் கணக்கு நகைச்சுவையை வகைப்படுத்தப் பெரிதும் உதவுகின்றன. யானைக் கதையின் மக்கள் பேதைமைக்குச் சான்று. தம் பங்குகளைக் கூட்டிப் பார்க்காமலே பூசலிட்டனர்.

மடன் என்பதற்கு, பிறர் கொளுத்தக் கொண்டதை விடாது பற்றியிருத்தல் என்று உரையாசிரியர் பொருள் கூறுவர். கிணற்றுத் தவளைப் புதிர் இதற்குரியது. 30 அடிக் கிணற்றில் தவளை பகலில் 3 அடி ஏறி இரவில் 2 அடி சறுக்குகிறது. எத்தனையாம் நாள் வெளியேறும்? நாளுக்கு ஓர் அடி, ஆகவே 30 நாள் என்று விரைந்து கூறுவோர் கற்ற கழித்தலைப் பற்றிக்கொண்டவர். 27 நாள் முடிவில் 27 அடி ஏறிய தவளை 28ஆம் நாள் பகலிலேயே விளிம்பை எட்டிவிடும். அதன்பின் சறுக்கல் இல்லை. இங்கே நகைக்கப்படுவது அறியாமையன்று. அறிந்ததை இடமறியாது பயன்படுத்தல். புதிரைத் தீர்க்க முயன்றவரே தம்மைப் பார்த்துத் தாம் நகைக்க நேர்வதால் இந்நகை ஒருவரையும் புண்படுத்துவதில்லை.

எள்ளல் கணித சார சங்கிரகத்தில் மென்மையாக இழையோடுகிறது. கி.பி. 850ஐ ஒட்டி, இராட்டிரகூட அரசன் அமோகவர்ஷன் காலத்தில் மகாவீரர் இயற்றிய இந்நூலை, ரங்காச்சாரியார் பதிப்பித்து ஆங்கிலத்தில் பெயர்க்க, 1912இல் சென்னையில் வெளியாயிற்று. அதில் மூன்று வணிகர் வழியில் ஒரு பணப்பையைக் காண்கின்றனர். இது எனக்குக் கிடைத்தால் உங்கள் இருவரினும் இருமடங்கு செல்வனாவேன் என்கிறான் ஒருவன். மும்மடங்கு என்கிறான் அடுத்தவன். ஐம்மடங்கு என்கிறான் மூன்றாமவன். கைப்பொருள் முறையே 1, 3, 5; பையில் 15. மூவர் பொருளையும் கூட்டினாலும் 9தான். தெருவில் கிடந்த பை அதனினும் பெரிது. கையில் சிறிதும் வாயில் பெரிதுமாக நிற்கும் வணிகரை இவ்வெண்கள் எள்ளுகின்றன. இவ்வெண்கள் ஒவ்வொன்றையும் இருமடங்காக்கினும் மும்மடங்காக்கினும் கணக்கு பொருந்தும். ஆகவே அவர்களின் செல்வம் எவ்வளவு என்பதைக் கணக்கு உறுதி செய்யவில்லை. அவர்களின் ஆசை என்ன விகிதத்தில் நின்றது என்பதை மட்டுமே உறுதி செய்கிறது. பை யாருக்குக் கிடைத்தது என்பதையும் அது சொல்வதில்லை.

யாருக்கு இன்பம்

இத்தகைய நூல்களைப் போற்றும்போது ஒன்றை மறைத்தலாகாது. தலைகீழ் விகிதத்திற்கு லீலாவதி தரும் எடுத்துக்காட்டில், பதினாறு வயது அடிமைப் பெண்ணின் விலை 32 எனில் இருபது வயதுடையவளின் விலை என்ன என்று வினவப்படுகிறது. அதனையடுத்து, இரண்டாண்டு உழைத்த எருதின் விலை 4 எனில் ஆறாண்டு உழைத்ததன் விலை என்ன என்னும் வினா வருகிறது. முதலதன் விடை இருபத்தைந்தும் ஐந்தில் மூன்றும். இரண்டாவதன் விடை ஒன்றும் மூன்றில் ஒன்றும். வயது ஏற விலை இறங்கும் பொருளாகப் பெண்ணும் எருதும் ஒருங்கே நிறுத்தப்படுகின்றனர்.

கணக்கில் பிழையில்லை. ஆயினும் மான்விழியாள் என்றும் சிறுமி என்றும் பெண்ணை முன்னிலைப்படுத்தி அழைத்த நூலிலேயே பெண் படர்க்கையில் விலைப்பொருளாகவும் நிற்கிறாள். வண்டுக் கணக்கில் முழு எண் தனி உயிருக்குரியதாக இருந்தது. இங்கே ஓர் உயிரே பின்னமாகச் சிதறுகிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டுச் சமூகத்தின் வழக்கம் அது என்று கூறிக் கடந்துவிடலாம். ஆனால் எடுத்துக்காட்டுகள் நடுநிலையானவை, கணக்கே முதன்மை என்னும் வாதத்திற்கு இச்செய்யுள் இடந்தரவில்லை. கதை மேற்பூச்சன்று என்னும் நம் கொள்கை உண்மையாயின், வண்டுக்காகப் பெறும் பாராட்டைப் போலவே அடிமை விலைக்குரிய கண்டனத்தையும் அந்நூல் ஏற்றாக வேண்டும். வகுப்பறையில் எதனை எடுத்துக்காட்டாகச் சொல்கிறோம் என்பது இன்றும் ஆசிரியர் எண்ணத்தக்கது.

பகிர்வதற்குரிய பொதுச்சொத்து

நகை பகிரப்படவேண்டுமாயின் சொல்வோரும் கேட்போரும் பொதுவாக அறிந்தது ஒன்று இருக்கவேண்டும். காளமேகப் புலவர் பெயரில் வழங்கும் காஞ்சி ஏகம்பநாதர் வெண்பா இதற்குத் தெளிவான சான்றாகும். முக்கால், அரை, கால், அரைக்கால், இருமா, மாகாணி, ஒருமா என்னும் பின்னப் பெயர்கள் அதில் இறங்குவரிசையில் தொடர்கின்றன. அவற்றின் மதிப்பு முறையே 3/4, 1/2, 1/4, 1/8, 1/10, 1/16, 1/20. அப்பெயர்களே சிலேடையால் முதுமையையும் இறப்பையும் சொல்கின்றன. முக்கால் என்பது கோலூன்றி மூன்று காலால் நடத்தல். இருமா என்பதில் இருமல் ஒலிக்கிறது. மாகாணி என்பது இடுகாடாகிய பெருநிலம். ஒருமா என்பது இறைவன் உறையும் ஒற்றை மாமரம். வாழ்நாள் தேய்வதும் எண் தேய்வதும் ஒரே வரிசையாக நிகழ்கின்றன. லீலாவதியின் வண்டு, யானைக் கதையின் பதினெட்டாம் பங்கு ஆகியவற்றில் கண்ட இயைபு இங்கே சொல்லளவிலேயே நிறைவேறிவிடுகிறது.

இவ்வெண்பாவைக் கேட்டவுடன் முறுவலிக்கவேண்டுமாயின் மாகாணி 1/16 என்பதும் இருமா 1/10 என்பதும் நாவில் நிற்கவேண்டும். எண்சுவடியை மனப்பாடமாக ஒப்பித்த திண்ணைப் பள்ளி மாணவருக்கு அது நாவில் நின்றது. திண்ணைப் பள்ளிகள் மறைந்தன. 1957இல் தசம நாணய முறை வந்தது. பழைய அளவைகளும் வழக்கிழந்தன. முக்கால், அரை, கால் ஆகியவை எஞ்சின. ஏனையவை அடிக்குறிப்பின் துணையை நாடுகின்றன. விளக்கிச் சொன்னபின் புரிந்த நகைச்சுவை அறிவுக்கு எட்டலாம், முறுவலை எழுப்பாது. நாம் இழந்தது சில சொற்களை மட்டுமன்று, ஒருங்கே நகைப்பதற்குரிய அடித்தளத்தையும் இழந்துவிட்டோம்.

இந்நிலையில் தமிழ் இலக்கிய வரலாறுகள் கணக்கு நூல்களை இலக்கியம் என எண்ணாது விடுத்தமை வருந்தத்தக்கது. ஆஸ்தான கோலாகலம் 1951இல் சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகத்தாலும், கணக்கதிகாரம் 1998இல் தஞ்சை சரசுவதி மகால் நூலகத்தாலும் அச்சேறின. செந்தில்பாபு 2022இல் வெளியிட்ட ஆங்கில நூல் எண்சுவடியையும் கணக்கதிகாரத்தையும் அவை வழங்கிய சமூகத்தோடு பொருத்தி ஆராய்ந்தது. செய்யுள் நோக்கிலான ஆய்வும் இவற்றுக்கு அந்த அளவில் வேண்டும். பாவுலூரி மல்லன்னா 11ஆம் நூற்றாண்டில் மகாவீரரைத் தெலுங்கில் தந்தார். இராசாதித்தர் 12ஆம் நூற்றாண்டில் கன்னடத்தில் வியவகார கணிதம் செய்தார். பிற மாநிலங்களில் இயங்கும் தமிழ்த்துறைகளுக்கு இந்நூல்களைத் தமிழ் நூல்களோடு ஒப்பிடும் வாய்ப்பு இயல்பாகவே அமைந்துள்ளது.

முடிவுரை

சிறந்த கணக்குப் புதிரில் கதையைக் களைந்தால் கணக்கின் திறவுகோலும் உடன் மறைகிறது. கணக்கைக் களைந்தால் கதையின் உயிர்நிலை மறைகிறது. பின்னத்தில் அடங்காது எஞ்சி நிற்கும் ஒன்றே இரண்டுக்கும் பொதுவான இடம். அது சிறைப்பட்ட வண்டின் இணையாகலாம், வினவிய பறவையாகலாம், இரவல் யானையாகலாம். பிசி, நகை, மகடூஉ முன்னிலை, சிலேடை ஆகிய நம் இலக்கணக் கருவிகள் அவ்விடத்தைக் காட்டப் போதுமானவை. வகுப்பறையில் கணக்கின் இன்பத்தைப் பகிர விரும்புவோர் புதிரைப் பாடத்தின் இறுதியில் பரிசாகத் தருவதை விடுத்து, புதிரின் எந்தச் சொல்லில் கணக்கு திரும்புகிறது என்று வினவுவதிலிருந்து பாடத்தைத் தொடங்கலாம். அவ்வினாவைக் கணக்கு ஆசிரியரும் தமிழ் ஆசிரியரும் ஒருங்கே கேட்கும் நாளில் மாகாணியும் இருமாவும் அடிக்குறிப்பிலிருந்து மாணவர் நாவுக்குத் திரும்பக்கூடும்.